கடலோர விவசாயிகளுக்கு ஏற்ற ரீலும் தூண்டிலும்

கடலை ஒட்டி நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு ஆண்டு முழுவதும் வயலில் வேலை இருப்பதில்லை. நாகை, வேதாரணியம் பகுதிகளில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தபின் அடுத்த பட்டம் வரை கை ஓய்ந்திருக்கும். இராமநாதபுரம் மாவட்டத்தின் மானாவாரி மிளகாய் நிலங்களில் கோடை முழுவதும் நிலம் சும்மா கிடக்கும். இந்த நாட்களில் மாலையில் கரையோரம் நின்று தூண்டில் போட்டு, வீட்டுக் குழம்புக்கு இரண்டு மீன் கொண்டு வருவது பல கிராமங்களில் வழக்கம்.

முன்பு இதற்கு மூங்கில் கோலும் நரம்பும் போதுமானவையாக இருந்தன. இப்போது ரீல் பொருத்திய கோல்கள் சிறு நகரக் கடைகளிலும் கிடைக்கின்றன. இளைஞர்கள் ஆர்வத்துடன் வாங்குகின்றனர். ஆனால் விவசாயிகளுடன் பேசும்போது நான் அடிக்கடி கேட்பது, "வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் ரீல் இறுகிவிட்டது" என்ற குறைதான். களை எடுக்கவும் உரம் வாங்கவும் வைத்திருந்த பணம் இப்படித் துருப்பிடித்துப் போவது வருந்தத்தக்கது.

ஏரியிலும் ஆற்றிலும் நன்றாக உழைக்கும் ரீல் கடலில் உழைப்பதில்லை. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. நீர் உலர்ந்தாலும் உப்பு உலர்ந்து போவதில்லை. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். எனவே கடல் தூண்டிலுக்கான சாதனம் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது "இது எவ்வளவு பெரிய மீனைப் பிடிக்கும்?" என்பதன்று, "இதை நான் தினமும் கழுவ முடியுமா?" என்பதே.

எங்கே நின்று பிடிக்கிறீர்கள்?

நிற்கும் இடத்தைப் பொறுத்தே சாதனம் அமையும். நம் கரையில் மூன்று வகை இடங்கள் உண்டு.

முதலாவது, பழைய படகுத்துறைகளும் சிறு பாலங்களும். இங்கே காலடியிலேயே ஆழம் உண்டு. தூண்டிலை நேரே கீழே இறக்கினால் போதும்.

இரண்டாவது, கடல் அரிப்பைத் தடுக்க மீனவர் கிராமங்களில் அமைக்கப்பட்டுள்ள தூண்டில் வளைவுகள். பெரிய கற்களைக் கொட்டிக் கட்டிய இச்சுவர்களின் அடி, நீருக்குள் சரிந்து செல்லும். தூண்டிலைக் காலடியில் இறக்கினால் கல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். ஆகவே கற்சரிவைத் தாண்டி எறிய வேண்டும்.

மூன்றாவது, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் திறந்த மணற்கரையும். இங்கே அலை உடையும் இடத்துக்கு அப்பால் 40, 50 மீட்டராவது எறிய வேண்டியிருக்கும்.

பெரிய துறைமுகங்களின் அலைதடுப்புச் சுவர்களில் அனுமதியின்றி நுழையக் கூடாது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் இது பொருந்தும். தூண்டில் வளைவுகள் மீனவ மக்களின் பிழைப்புக்காகக் கட்டப்பட்டவை. அந்த ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்வதும், படகு வரும்போதும் வலை விரித்திருக்கும்போதும் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வதும் முறையாகும்.

ரீல் தேவைதானா?

நேரே இறக்கிப் பிடிக்கும் இடமாக இருந்தால் ரீல் தேவையே இல்லை. கைத்தூண்டில் போதும். 0.60 அல்லது 0.70 மி.மீ. தடிமனுள்ள தங்கூஸ் நரம்பு 50 மீட்டர் வாங்கி, ஒரு மரச்சட்டத்திலோ பிளாஸ்டிக் உருளையிலோ சுற்றிக்கொள்ளலாம். மெல்லிய நரம்பு விரலை அறுக்கும் என்பதால் கைத்தூண்டிலுக்குத் தடித்த நரம்பே ஏற்றது. பழைய சைக்கிள் டியூபில் சிறு துண்டு வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டால் காயம் ஏற்படாது. இதில் துருப்பிடிக்கும் பாகம் தூண்டில் முள் ஒன்றுதான்.

ரீலின் முதல் பயன் எறிவது. இரண்டாவது பயன், பெரிய மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுத்துப் பிடிப்பது. இவ்விரண்டும் தேவைப்படாத இடத்தில் ரீலுக்குச் செலவிடுவது வீண். புதிதாகத் தொடங்குபவர் ஒரு பருவமாவது கைத்தூண்டிலில் பழகி, தம் ஊர்க் கரையில் என்ன மீன் எப்போது வருகிறது என்று அறிந்துகொண்டு, பிறகு ரீல் வாங்குவது நலம். கடன் வாங்கி ரீல் வாங்குவது எக்காரணம் கொண்டும் கூடாது. இது வீட்டுத் தேவைக்கான துணை வேலையே தவிர, வருமானத்தை நம்பி இறங்கும் தொழில் அன்று.

ரீல் வகைகள்

கடைகளில் பெரும்பாலும் மூன்று வகை ரீல்கள் கிடைக்கின்றன.

மூடுரீல்: நரம்பு சுற்றிய உருளை ஒரு கிண்ணத்துக்குள் மூடியிருக்கும். பொத்தானை அழுத்தி எறிவது எளிது, விலையும் குறைவு. ஆனால் உள்ளே சென்ற உப்புநீர் வெளியேற வழியில்லை. கடலுக்கு இது ஏற்றதன்று.

உருளை ரீல்: கிணற்று இராட்டினம்போல் உருளையே சுழன்று நரம்பை விடும். வலு மிகுந்தது, கனமான ஈயத்துடன் பெரிய மீனுக்கு ஏற்றது. ஆனால் எறியும்போது கட்டைவிரலால் உருளையை அடக்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் நின்ற பிறகும் உருளை சுழன்று, நரம்பு குருவிக்கூடுபோல் சிக்கிக்கொள்ளும். நல்ல பழக்கம் வந்தவர்களுக்கே இது உகந்தது.

நிலை உருளை ரீல்: கடைக்காரர்கள் ஸ்பின்னிங் ரீல் என்று தருவது இதுவே. இதில் உருளை நிலையாக நிற்கும். நரம்பு அதன் முனை வழியே வளையம் வளையமாக உருவிச் செல்லும். சுருட்டும்போது ஒரு வளைகம்பி சுற்றிவந்து நரம்பை உருளையில் ஏற்றும். இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்ற ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்பவர் இங்கிலாந்தின் நெசவாலை அதிபர். ஆலையில் கண்டு நிலையாக நிற்க, நூல் அதன் முனையிலிருந்து உருவி வருவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கும். சிக்கல் குறைவு, அரை நாளில் பழகிவிடலாம். தூண்டில் வளைவுக்கும் முகத்துவாரத்துக்கும் சிறு விவசாயிகள் வாங்க ஏற்றது இந்த வகையே.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. அளவு: ரீல்களில் 1000, 2000, 4000, 6000 என்று எண்கள் இருக்கும். எண் கூடக்கூட ரீல் பெரிதாகும். நம் தூண்டில் வளைவுகளுக்கு 4000 முதல் 6000 வரை போதுமானது. ஆனால் இந்த எண் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். ஆகவே உருளையின் மேல் அச்சிட்டிருப்பதையும் படிக்க வேண்டும். 0.40 மி.மீ. நரம்பு 150 மீட்டருக்குக் குறையாமல் கொள்ள வேண்டும்.

2. பேரிங்: பெட்டியின் மேல் 10 பேரிங், 12 பேரிங் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இதைக் கண்டு மயங்க வேண்டாம். மட்டமான எஃகில் செய்த பேரிங் எவ்வளவு கூடுகிறதோ, துருப்பிடிக்கும் இடமும் அவ்வளவு கூடுகிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்த 4, 5 பேரிங் உள்ள ரீலே மேல். கைப்பிடியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ தட்டுதலோ இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.

3. பற்சக்கர விகிதம்: 5:1 என்றால் கைப்பிடியை ஒரு முறை சுற்றும்போது வளைகம்பி ஐந்து முறை சுற்றும். விகிதம் கூடினால் வேகம் கூடும். இழுக்கும் வலு குறையும். டிராக்டரின் கியர் போலத்தான். ஈயத்தோடு அடியிலிருந்து இழுப்பதற்கு 5:1-ஐ ஒட்டியிருப்பது போதும்.

4. இழுவைத் தடை: டிராக் என்று கடைகளில் கூறுவார்கள். உருளையின் முன்புறமுள்ள திருகை இறுக்கினால் நரம்பு கடினமாகவும், தளர்த்தினால் எளிதாகவும் உருவி வரும். திருகைப் பாதி இறுக்கிவிட்டு நரம்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வர வேண்டும். நின்று நின்று, வெடுக்கென வந்தால் பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடும்.

5. கழற்றும் வசதி: மிகவும் முக்கியமானது இதுவே. உருளை எளிதில் கழல வேண்டும். கைப்பிடியும் கழல வேண்டும். பக்கத் தகட்டின் திருகுகள் சாதாரணத் திருப்புளிக்கு அடங்க வேண்டும். உதிரி பாகங்கள் கிடைக்குமா என்று கேட்டறிய வேண்டும். உதிரி பாகம் கிடைக்காத பம்புசெட்டை நாம் வாங்குவோமா? ரீலுக்கும் அதே விதிதான்.

6. உடல்: அலுமினிய உடலில் எஃகுத் திருகு பொருத்தியிருந்தால், உப்புநீர் பட்டதும் இரு உலோகங்களுக்கும் இடையே மின்கலம்போல் ஒரு வினை நடந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். சிறு விவசாயிகளுக்குக் கார்பன் கலந்த நெகிழி உடல் கொண்ட ரீலும் போதுமானதே. அது அரிக்கப்படுவதில்லை.

தூண்டில் கோல்

தூண்டில் வளைவில் நிற்பவருக்கு 8 முதல் 10 அடி நீளமுள்ள கோல் வேண்டும். கற்சரிவின் மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்க இந்த நீளம் உதவும். படகுத்துறையில் 6, 7 அடிக் கோலே வசதியானது. கோலின் மேல் எறியக்கூடிய எடை அச்சிட்டிருக்கும். 50 முதல் 100 கிராம் என்று போட்டிருப்பது நம் கரைக்குப் பொருந்தும். அதைவிடக் கனமான ஈயத்தைக் கட்டி எறிந்தால் கோல் முறியும்.

கண்ணாடி இழைக் கோல், கார்பன் இழைக் கோல் என இருவகை உண்டு. கார்பன் கோல் எடை குறைந்தது. ஆனால் கல்லில் ஒருமுறை நன்றாக அடிபட்டால் பிறகு வளையும்போது முறிந்துவிடும். மேலும் அது மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. மின்கம்பியின் அடியிலும் இடி மின்னல் வேளையிலும் பேராபத்தை விளைவிக்கும். கண்ணாடி இழைக் கோல் சற்றுக் கனமானாலும் அடிதாங்கும், விலையும் குறைவு. அதையே சிபாரிசு செய்கிறேன். எந்தக் கோலானாலும் இடி முழங்கும்போது கரையை விட்டு வந்துவிட வேண்டும்.

நரம்பு ஓடும் வளையங்களைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அந்த வளையத்தில் கீறல் உண்டு. அது ஒவ்வொரு எறிதலிலும் நரம்பைச் சிறிது சிறிதாக அறுக்கும்.

நரம்பு

சாதனங்களில் விலை குறைந்தது நரம்பு. ஆனால் மீனுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அது ஒன்றுதான். இதில் சிக்கனம் பார்ப்பது தவறு. நல்ல ரீல் வாங்கிவிட்டு மட்டமான நரம்பைச் சுற்றுவது, உயர்ந்த விதை வாங்கிக் களர் நிலத்தில் விதைப்பது போலாகும்.

தூண்டில் வளைவுக்கு 0.40 மி.மீ. நைலான் ஒற்றை நரம்பு உகந்தது. இதன் தாங்கு வலு ஏறத்தாழ 10 கிலோ. தடிமன் இரு மடங்கானால் வலு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆனால் தடித்த நரம்பு தூரம் போகாது. நீரோட்டமும் அதை இழுத்துச் செல்லும். பின்னல் நரம்பு என்று ஒருவகை உண்டு. மெல்லியது, மிகுந்த வலுவுள்ளது, ஆனால் விலை பல மடங்கு. கல்லிலும் சிப்பியிலும் உரசினால் எளிதில் அறுந்துவிடும்; கையையும் வெட்டும். கற்கள் நிறைந்த இடத்துக்கு நைலான் நரம்பே மேல்.

முதன்மை நரம்பின் முனையில் 0.60 அல்லது 0.70 மி.மீ. தடித்த நரம்பு ஒரு மீட்டர் நீளம் இணைக்க வேண்டும். இதை முனை நரம்பு எனலாம். கல்லின் உரசலையும் மீனின் பல்லையும் தாங்குவது இதுவே. ஊளி, வஞ்சிரம் போன்ற கூரிய பல்லுள்ள மீன்கள் வரும் காலங்களில் முனையில் ஒரு சாண் மெல்லிய எஃகுக் கம்பி கட்டலாம்.

உருளையின் விளிம்புக்கு 2, 3 மி.மீ. உள்ளே நிற்குமாறு நரம்பைச் சுற்ற வேண்டும். குறைவாகச் சுற்றினால் தூரம் குறையும். விளிம்பு வரை நிரப்பினால் கொத்துக் கொத்தாக உதிர்ந்து சிக்கலாகும்.

நைலான் வெயிலில் வலுவிழக்கும். ரீலைக் கூரை மேலோ சைக்கிளிலோ வெயிலில் விட்டுவைக்கக் கூடாது. எறிந்து எறிந்து தேய்ந்த முனைப்பகுதி இரண்டு மூன்று மீட்டரை அவ்வப்போது வெட்டி நீக்கிவிட வேண்டும். நீக்கிய துண்டை மணலில் எறிய வேண்டாம். நைலான் எளிதில் மட்காது. கரையில் மேயும் ஆட்டின் காலிலும், முட்டையிட வரும் கடலாமையின் கழுத்திலும் அது சுற்றிக்கொள்ளும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவது நம் கடமை.

முடிச்சும் இழுவைத் தடையும்

நரம்பு அறுவது பெரும்பாலும் முடிச்சில்தான். எளிய, உறுதியான முடிச்சு ஒன்று போதும். நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து, முதன்மை நரம்பின் மேலேயே ஐந்தாறு முறை சுற்றுங்கள். பிறகு நுனியைத் திருப்பி, காதை ஒட்டியுள்ள சிறு கண்ணியில் நுழையுங்கள். அப்போது உண்டாகும் பெரிய கண்ணியிலும் அதே நுனியை நுழையுங்கள். எச்சிலாலோ நீராலோ நனைத்து மெல்ல இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராயும் சூட்டில் நைலான் பலவீனமாகும். நுனியில் இரண்டு மி.மீ. விட்டு மீதியை நறுக்கிவிடலாம்.

இழுவைத் தடையை நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்குக்கு அமைக்க வேண்டும். நரம்பு 10 கிலோ தாங்கும் என்றால் தடை 2.5 கிலோ. வீட்டில் வில் தராசு இருந்தால் நரம்பின் நுனியை அதில் மாட்டி இழுத்து, முள் இரண்டரைக் கிலோவைக் காட்டும்போது நரம்பு உருவத் தொடங்குமாறு திருகைச் சரிசெய்யலாம். மீன் நரம்பை இழுத்து ஓடும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது. சுற்றினால் நரம்பு முறுக்கேறிச் சிக்கலாகும். ஓடவிட்டு, அது களைத்து நின்ற பின் சுருட்ட வேண்டும்.

தூண்டில் முள்

முள்ளின் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. 10, 8, 6 என எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 4/0 என்று செல்லும். அங்கே எண் கூடக்கூட முள் பெரிதாகும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடும் உண்டு. எனவே பார்த்து வாங்க வேண்டும்.

கிழங்கான் போன்ற சிறுவாய் மீனுக்கு 6 அல்லது 8. விளமீன், பாறை, சங்கரா ஆகியவற்றுக்கு 1/0 அல்லது 2/0. கொடுவா, கலவா போன்ற பெருவாய் மீனுக்கு 4/0 அல்லது 5/0 பொருந்தும். பெரிய முள்ளில் சிறிய மீன் சிக்காது. பெரிய மீனோ சிறிய முள்ளிலும் சிக்கும். எனவே ஐயம் இருந்தால் சற்றுச் சிறியதையே தேர்ந்தெடுக்கலாம்.

முள்ளின் கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சோதிக்கலாம். நகத்தில் பற்றி நின்றால் கூர்மை உண்டு. வழுக்கினால் சிறு அரத்தால் தீட்ட வேண்டும். வெள்ளீயம் பூசிய சாதாரண எஃகு முள்ளே போதும். நரம்பு அறுந்து மீன் வாயோடு போய்விட்டாலும் அது நாளடைவில் துருப்பிடித்து விழுந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு முள் அப்படி விழாது.

வட்ட முள் என்று ஒருவகையும் கிடைக்கிறது. இதில் மீன் பெரும்பாலும் வாயோரத்தில் சிக்கும். வயிற்றுக்குள் விழுங்குவது குறைவு. கோலை வெடுக்கென்று இழுக்காமல் மெல்லச் சுருட்டினாலே பிடித்துக்கொள்ளும். சிறு மீன்களைச் சேதமின்றித் திரும்ப விட இது உதவும்.

ஈயக்குண்டும் கட்டும் முறையும்

நீரோட்டம் குறைந்த இடத்தில் 30 கிராம், ஓட்டமுள்ள முகத்துவாரத்தில் 60 முதல் 80 கிராம் எடை தேவைப்படும். தூண்டில் வளைவுகளில் அதிகம் இழக்கப்படுவது ஈயம்தான். கல் இடுக்கில் அது மாட்டிக்கொண்டால் முள், முனை நரம்பு எல்லாமே போய்விடுகின்றன.

இதைத் தவிர்க்க, ஈயத்தை முதன்மை நரம்போடு நேரடியாகக் கட்டாமல், 0.25 மி.மீ. மெல்லிய நரம்புத் துண்டு ஒன்றால் கட்டித் தொங்கவிடுங்கள். ஈயம் சிக்கினால் அந்த மெல்லிய நரம்பு மட்டும் அறும். முள்ளும் மீனும் தப்பும். எறியும்போது அது அறுந்துவிடாமல் நிதானமாக எறிய வேண்டும். ஈயத்துக்குப் பதிலாகத் தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழைய நட்டு, போல்ட்டு ஆகியவற்றையும் எண்ணெய் நீங்கத் துடைத்துப் பயன்படுத்தலாம். இழந்தாலும் நட்டமில்லை.

ஈயம் நச்சுள்ளது. பல்லால் கடித்து நெரிக்கக் கூடாது. சமையல் பாத்திரத்தில் உருக்கவே கூடாது. கையாண்ட பின் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும்.

இரை, உள்ளூரில் அன்று கிடைக்கும் இறால், சாளை, கணவாய் ஆகியவற்றின் துண்டுகளே. அந்தக் கரையின் மீன் அன்றாடம் தின்பது எதுவோ அதுவே சிறந்த இரை.

மீனை மேலே கொண்டுவருதல்

நீர்மட்டத்திலிருந்து ஆறேழு அடி உயரத்தில் நிற்கும்போது இரண்டு கிலோ மீனை நரம்பைப் பிடித்துத் தூக்கினால் முள் கிழித்துக்கொண்டு மீன் விழுந்துவிடும். அல்லது கோல் முறியும். படகுத்துறையில், இரும்பு வளையத்தில் கட்டிய பைவலையைக் கயிற்றில் இறக்கி, மீனை அதற்குள் நடத்தித் தூக்க வேண்டும். கற்சரிவில் நீண்ட காம்புள்ள அத்தாங்கு உதவும். மீனுக்காக ஈரக்கல்லில் இறங்குவது கூடாது.

கழுவும் முறை

மருந்து தெளித்தபின் தெளிப்பானைக் கழுவாமல் வைக்கும் விவசாயி யாரும் இல்லை. ரீலுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும், உறங்குவதற்கு முன் பின்வருமாறு செய்ய வேண்டும்:

1. இழுவைத் தடைத் திருகை நன்றாக இறுக்குங்கள். நீர் உள்ளே செல்லாது.

2. குவளை நீரை மெல்ல ஊற்றியோ, ஈரத்துணியாலோ ரீல் முழுவதையும் கழுவுங்கள். வாளியில் மூழ்க வைக்கக் கூடாது. குழாயில் வேகமாகப் பீய்ச்சவும் கூடாது. அந்த வேகத்தில் உப்பு உள்ளே பேரிங் வரை போய்ச் சேரும்.

3. கோலின் வளையங்களையும், நரம்பின் முதல் 50 மீட்டரையும் நனைத்துத் துடையுங்கள்.

4. உதறித் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு தடைத் திருகைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் தடை வளையங்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

5. வாரம் ஒருமுறை கைப்பிடி மூட்டு, வளைகம்பி மூட்டு, நரம்பு உருளும் சிறு உருளி ஆகியவற்றில் ஒவ்வொரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகும். தடை வளையங்களில் எண்ணெய் படக் கூடாது.

6. பருவ முடிவில் ஒருமுறை பக்கத் தகட்டைத் திறந்து, பற்சக்கரத்தின் பழைய கிரீசைத் துடைத்துப் புதியது தடவுங்கள். கழற்றிய பாகங்களை வரிசையாக ஒரு துணியில் வைத்தால் திரும்பப் பொருத்துவது எளிது.

கடலோரக் கிணறுகள் பலவற்றின் நீரே உவர்ப்பாக இருப்பதால், அதில் கழுவுவது போதாது. கடைசியாக ஒரு செம்பு குடிநீரோ, சேமித்த மழைநீரோ ஊற்றி அலசுங்கள். ஒரு லிட்டர் நீரில் இவ்வேலை முடியும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்பவரின் நடுத்தர ரீல் பல பருவங்கள் உழைக்கும். செய்யாதவரின் விலை உயர்ந்த ரீல் அந்தப் பருவத்தையே தாண்டாது.

பாதுகாப்பு

பாசி படிந்த கல்லில் ரப்பர் செருப்பு வழுக்கும். கயிறு கட்டி இறுக்கிய காலணி அணிந்து செல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம். மிதவை அங்கி ஒன்று இருப்பது நல்லது. இடத்தில் நிற்கும் முன் கால்மணி நேரம் கடலைப் பாருங்கள். அந்த நேரத்தில் எந்தக் கல் வரை ஈரமாகிறதோ, அதற்கு மேலேயே நிற்க வேண்டும்.

வானம் தெளிவாக இருக்கும்போதே தொலைதூரப் புயல்களால் பெருஅலை எழுவதுண்டு. இதைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே மாதத்தில் குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தது இத்தகைய அலையில்தான். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இது குறித்து முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் வீட்டில் இருப்பதே சரி. வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது மன்னார் வளைகுடாப் பக்கமும் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கெளுத்தி, ஓரா ஆகியவற்றின் முட்களும் திருக்கையின் வால்முள்ளும் நச்சுள்ளவை. குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த உறுப்பை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி தணியும். சூட்டை மறு கையால் சோதித்த பிறகே வைக்க வேண்டும். பின்னர் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பேத்தை மீன் தூண்டிலில் சிக்கினால் உண்ணவே கூடாது. அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

இளமீனை விட்டுவிடுங்கள்

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. மீன் இனப்பெருக்கம் கருதி விதிக்கப்பட்ட தடை இது. கரையில் நின்று தூண்டில் போடுபவரைத் தடை கட்டுப்படுத்தாவிட்டாலும் அதன் நோக்கம் நமக்கும் பொருந்தும். கைவிரல் நீளமுள்ள கொடுவாக் குஞ்சையும் கலவாக் குஞ்சையும் ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, திரும்ப விட்டுவிட வேண்டும். விதைநெல்லை அவித்துத் தின்னாத விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுருங்கக் கூறின், இறக்கிப் பிடிக்கும் இடத்துக்குக் கைத்தூண்டில்; எறிய வேண்டிய இடத்துக்கு நடுத்தர அளவு நிலை உருளை ரீல், கண்ணாடி இழைக் கோல், 0.40 மி.மீ. நைலான் நரம்பு, கூரிய முள். பேரிங் எண்ணிக்கையைப் பார்க்காமல், கழற்றிக் கழுவும் வசதியைப் பார்த்து வாங்க வேண்டும். தினமும் நன்னீரில் அலச வேண்டும். கடலோர விவசாயிகள் இம்முறைகளைக் கடைப்பிடித்து, கைப்பணத்தை உப்புக்கு இரையாக்காமல், ஓய்வு நாட்களில் வீட்டுக்குச் சத்தான மீன் உணவு பெற்றுப் பயனடையலாம்.